அடுத்த சினைக்கு எந்த ஊசி? ஜெர்சி, எச்.எஃப்., சாஹிவால், காங்கேயம்: மாட்டின் ரத்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பது

விடியற்காலையில் மாடு கத்துகிறது. வாலடியில் கண்ணாடிக் கம்பி மாதிரி வழும்பு தொங்குகிறது. தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு விலகிக்கொள்கிறது. சினை ஊசி போடுகிறவர் வந்து, "எந்த ஊசிங்க போடட்டும்?" என்று கேட்கிறார். பெரும்பாலான தொழுவங்களில் அவருக்குக் கிடைக்கும் பதில், "நல்லா கறக்குற மாதிரி ஏதாச்சும் போடுங்க." இன்று போடும் ஊசிக்குக் கிடேரி பிறந்தால், அது பால் கறக்க வருவதற்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதன்பின் ஐந்தாறு ஈத்து. பத்து ஆண்டு வரவு செலவை அந்த ஒரே வார்த்தையில் வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஜெர்சியா எச்.எஃப்.பா (ஹோல்ஸ்டைன் ஃபிரீசியன்) என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் மாட்டின் உடம்பில் ஏற்கெனவே எத்தனை பங்கு சீமை ரத்தம், அதாவது இந்த வெளிநாட்டு இனங்களின் ரத்தம், இருக்கிறது? ஒரே உறைவிந்துக் குச்சி ஒரு மாட்டுக்குப் பொருத்தமாகவும் பக்கத்துக் கட்டுத்தறி மாட்டுக்குக் கேடாகவும் முடிவது இந்தக் கணக்கினால்தான்.

எதற்கும் எதற்கும் பிறந்த கன்று

திமில் இல்லாத ஐரோப்பிய மாட்டுக்குப் போஸ் டாரஸ் என்றும், திமிலுள்ள நம் மாட்டுக்குப் போஸ் இண்டிகஸ் என்றும் 1758-இல் லின்னேயஸ் இரண்டு தனிச் சிற்றினங்களாகவே பெயர் வைத்தார். இன்று பலர் இவற்றை ஒரே சிற்றினத்தின் இரு கிளைகள் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் இவற்றின் காட்டு மூதாதைகள் பிரிந்து சில லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒன்றை மேற்காசியாவிலும் மற்றொன்றைச் சிந்துச் சமவெளிப் பக்கத்திலும் மனிதர்கள் தனித்தனியாகப் பழக்கினார்கள். வெயில், உண்ணி, வைக்கோல் ஆகியவற்றைத் தாங்குவதில் இரண்டுக்கும் இத்தனை வேறுபாடு இருப்பதற்குக் காரணம் அந்த நீண்ட பிரிவு.

இரண்டுக்கும் 60 குரோமோசோம்கள். கலப்பில் பிறக்கும் கிடேரியும் சினைப்படும், காளையும் பொலியும். எல்லாக் கலப்புக்கும் இந்த வசதி வாய்ப்பதில்லை. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இடையில் 63-ஓடு பிறக்கும் கோவேறு கழுதை மலடு. இமயமலையில் யாக் என்னும் சடை மாட்டையும் சாதாரண மாட்டையும் சேர்க்கிறார்கள். இரண்டுக்கும் 60 தான், என்றாலும் பிறக்கும் கலப்பில் பசு ஈனும், காளை மலடாகவே நிற்கும். மாட்டுக்கும் எருமைக்கும் கன்றே பிறக்காது. யாக் கலப்பில் ஒவ்வொரு தலைமுறையும் திரும்ப ஆரம்பித்த இடத்துக்கே வரவேண்டும். நம் மாட்டில் கலப்பு தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு ஊசியிலும் ரத்தப் பங்கு நம்மை அறியாமல் நகர்ந்துவிடுகிறது.

ரத்தக் கணக்கு

கன்றுக்குப் பாதி தாயிடமிருந்து, பாதி விந்திலிருந்து. தாயின் சீமைப் பங்கையும் விந்தின் சீமைப் பங்கையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கன்றின் பங்கு வந்துவிடும். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கலப்பு வீரியம். ஒரு மரபணுவின் ஒரு பிரதி நாட்டு மாட்டிலிருந்தும் மறு பிரதி சீமை மாட்டிலிருந்தும் வரும்போது, கன்று தாய் தகப்பன் இருவரின் சராசரியைவிட மேலாக நிற்கும். சினைப்பிடிப்பு, கன்று பிழைப்பு, நோய் தாங்குதல் ஆகியவற்றில் இது நன்றாகத் தெரியும். முதல் கலப்பில் எல்லா மரபணு இடங்களிலும் இந்தச் சேர்க்கை இருப்பதால் வீரியம் முழுதாக இருக்கும். அதன்பின் எந்தப் பக்கம் போனாலும் குறையத்தான் செய்யும்.

- சுத்த நாட்டுப் பசுவுக்குச் சுத்த ஜெர்சி விந்து: கன்றில் சீமை 50 சதவீதம், வீரியம் முழுசு.
- அந்த 50 சதவீதக் கிடேரிக்கு மறுபடி சுத்த ஜெர்சி: சீமை 75, வீரியம் பாதி.
- அதற்கும் சுத்த ஜெர்சி: சீமை 87.5, வீரியம் கால்.
- 50 சதவீதக் கிடேரிக்கு 50 சதவீதக் கலப்பினக் காளையின் விந்து: சராசரியில் சீமை 50, வீரியம் பாதி.
- 50 சதவீத ஜெர்சிக் கிடேரிக்கு எச்.எஃப்.: சீமை 75. அதில் எச்.எஃப். 50, ஜெர்சி 25.
- 75 சதவீதப் பசுவுக்குத் திமிலுள்ள கறவை இனமான சாஹிவால் அல்லது கிர்: சீமை 37.5, வீரியம் முக்கால்.
- 87.5 சதவீதப் பசுவுக்குச் சாஹிவால் அல்லது கிர்: சீமை கிட்டத்தட்ட 44, வீரியம் 87.5.

"அம்மாக்காரி பத்து லிட்டர் கறந்தா, சினையும் சட்டுனு நின்னுச்சு. மகளுக்கு நாலு ஊசி போட்டும் நிக்கல, வெயில் வந்தா நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குறா" என்பது எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. ஊசியையும் தீவனத்தையும் குறை சொல்வார்கள். பல சமயம் அங்கே நடந்திருப்பது பட்டியலின் முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இறங்கியதுதான். தாய் முதல் கலப்பு. அவளிடம் இருந்த வீரியம் மகளுக்கு அப்படியே போய்ச் சேராது. மேலே பட்டியலின் கடைசி இரண்டு வரிகளில் வீரியம் மறுபடி ஏறுவதையும் கவனியுங்கள். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது அந்த இரண்டு வரிகள்தான்.

பதிவு இல்லாத மாட்டை எப்படி மதிப்பிடுவது

சந்தையில் வாங்கிய மாட்டுக்குப் பூர்வீகம் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். உடம்பைப் பார்த்துச் சொல்வது தோராயம்தான், ஆனாலும் ஊசி முடிவுக்கு உதவும். திமில் சிறு மேடாகத் தடவினால் கைக்குத் தட்டுப்படுகிறது, கழுத்தடியில் அலைதாடி ஓரளவு தொங்குகிறது, தொப்புள் மடிப்பு தெரிகிறது என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. முதுகு பலகை போல நேராக ஓடி, அலைதாடி கழுத்தோடு ஒட்டி, தொப்புள் மடிப்பே இல்லை என்றால் முக்காலும் அதற்கு மேலும்.

எச்.எஃப். கலப்பில் நிறம் ஒரு நல்ல தடயம். எச்.எஃப். மாட்டின் வெள்ளைத் திட்டு ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். நாட்டு மாட்டோடு முதல் முறை கலந்தால் கன்று பெரும்பாலும் உடம்பு முழுக்கக் கறுத்து, வயிற்றடியிலும் மடியோரத்திலும் வால் குஞ்சத்திலும் மட்டும் வெள்ளை காட்டும். வரைபடம் போலக் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்து நின்றால், தாய் வழி தகப்பன் வழி இரண்டிலும் எச்.எஃப். இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்த மாட்டுக்கு இன்னொரு சுத்த எச்.எஃப். ஊசி போடுவதுதான் சமவெளியில் அடிக்கடி நடக்கும் தவறு.

பெயரை நம்பியும் ஏமாறலாம். பல ஊர்களில் செவலை நிற ஜெர்சிக் கலப்பையே 'சிந்து மாடு' என்பார்கள். சிவப்புச் சிந்தி என்பது திமிலுள்ள, சிந்து மாகாணத்து இனம். 'சிந்து' என்று சொல்லி விற்ற மாட்டை நாட்டு மாடு என்று நம்பி ஜெர்சி ஊசி போட்டால் கணக்கு நேராக முக்காலுக்குப் போய்விடும்.

ஜெர்சி

தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு எச்.எஃப். என்று பிரித்து வைத்திருக்கிறது. சொந்த இனங்கள் வாழும் வட்டாரத்தில் அந்தந்த இனத்தையே வளர்க்கச் சொல்கிறது. காரணம் இல்லாமல் இப்படிப் பிரிக்கவில்லை. சுத்த ஜெர்சிப் பசு 400 முதல் 450 கிலோ, எச்.எஃப். 550 முதல் 650 கிலோ. சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறும். கன்றும் சிறியது. சுத்த ஜெர்சிக் கன்று 25 கிலோ அளவில் பிறக்கும், எச்.எஃப். கன்று 40 கிலோ வரை போகும். உடல் சிறுத்த நாட்டுக் கிடேரிக்கு முதல் சினையே எச்.எஃப். போட்டால் கன்று முன்னங்காலும் மூக்கும் தெரிந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கயிறு கட்டி இழுப்பதும், கன்றும் தாயும் சேர்ந்து போவதும் இப்படித்தான். முதல் ஈத்துக் கிடேரிக்கு ஜெர்சி, அல்லது சுலபமாக ஈனும் என்று பதிவான காளையின் விந்து. இதில் சமரசம் வேண்டாம்.

பாலில் கொழுப்பு 4.5 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஜெர்சியிடம் எதிர்பார்க்க வேண்டிய சிக்கல் ஈன்ற மறுநாள் வரும் பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லென்றிருக்கும். மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும், காது ஜில்லிட்டிருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்குவதால் வருவது. மருத்துவர் நரம்பு வழியே மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். வாயில் மருந்து ஊற்றிப் பார்க்காதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், நுரையீரலுக்குள் போய்விடும். ஈனுவதற்கு முந்தைய மாதத்தில் சுண்ணாம்புச் சத்தை அள்ளிக் கொடுப்பதும் இந்த நோயைக் கூட்டும். அந்த மாதம் அளவாகவும், ஈன்ற பிறகு தாராளமாகவும் கொடுக்க வேண்டும்.

எச்.எஃப்.: குடம் நிறையும், கணக்கு நிறைகிறதா?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 330 கிலோ எடையுள்ள ஜெர்சிக் கலப்பு நாளைக்கு 9 லிட்டர், கொழுப்பு 4.6 சதவீதம். 430 கிலோ எடையுள்ள எச்.எஃப். கலப்பு நாளைக்கு 13 லிட்டர், கொழுப்பு 3.5 சதவீதம். குடத்தில் 44 சதவீதம் கூடுதல். கொழுப்பை மட்டும் எடுத்தால் முதல் மாட்டில் 414 கிராம், இரண்டாவதில் 455 கிராம். வித்தியாசம் 41 கிராம்தான்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தீவன நிபுணர்கள் பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. பாலின் அளவை 0.4-ஆல் பெருக்கி, கொழுப்பின் கிலோவை 15-ஆல் பெருக்கிக் கூட்டினால், 4 சதவீதக் கொழுப்புள்ள பாலுக்குச் சமமான அளவு கிடைக்கும். ஜெர்சிக் கலப்புக்கு 9.8, எச்.எஃப். கலப்புக்கு 12. ஆக, சத்தில் கூடுதல் 22, 23 சதவீதம். இனி தின்பதைப் பாருங்கள். பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் உடம்பைத் தாங்க மட்டும் 430 கிலோ மாட்டுக்கு 330 கிலோ மாட்டைவிட ஏறக்குறைய 22 சதவீதம் அதிகத் தீவனம் வேண்டும். கூடக் கொடுப்பதும் கூடத் தின்பதும் சரிக்குச் சரி.

அதனால் முடிவு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, பாலை யார், எப்படி வாங்குகிறார்கள். வீட்டு வாசலிலும் டீக்கடையிலும் லிட்டர் கணக்கில் விற்பவருக்கு எச்.எஃப். லாபம். கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) பார்த்துக் காசு போடும் சொசைட்டிக்கு ஊற்றுபவருக்கு அந்த 4 லிட்டர் கூடுதலில் பெரும்பகுதி தண்ணீர்க் கூலி. கோடையில் பசும்புல் குறைந்து மாடு தீவனம் தள்ளும்போது எச்.எஃப். பாலில் எஸ்.என்.எஃப். 8.2-க்கும் கீழே இறங்கிவிடும். தண்ணீர் கலக்காமலே தண்ணீர் கலந்ததாகப் பேச்சு வாங்கும் வேதனை அங்கே தொடங்குகிறது.

இரண்டாவது, ஊரின் வெயிலும் ஈரமும். வறள் வெப்பமானியின் அளவையும் ஈர வெப்பமானியின் (குமிழில் ஈரத்துணி சுற்றியது) அளவையும் செல்சியஸில் கூட்டி, 0.72-ஆல் பெருக்கி, 40.6-ஐச் சேர்த்தால் வெப்ப ஈரப்பதக் குறியீடு வரும். 72-ஐத் தாண்டினால் சீமை ரத்தம் மிகுந்த மாடு திணற ஆரம்பிக்கும். அதிகப் பால் கறக்கும் மாடு அதற்கு முன்பே. கடலோர மாவட்டம் ஒன்றில் மே மாதப் பகல், வறள் 34, ஈரம் 27 என்று வையுங்கள். குறியீடு 84.5. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகையில் வறள் 20, ஈரம் 16 இருக்கும் பகலில் 66.5. கொள்கையில் எச்.எஃப்.பை மலைக்கு எழுதியதன் நியாயம் இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

சமவெளியில் எச்.எஃப். வைத்துத்தான் ஆகவேண்டும் என்பவர்கள் கொட்டகைச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். உயரமான கூரை, மேலே தென்னங்கீற்று, பகலில் தண்ணீர்த் தெளிப்பும் உடனே மின்விசிறிக் காற்றும். காற்று இல்லாமல் வெறும் தெளிப்பு மட்டும் போட்டால் ஈரப்பதம் ஏறி நிலைமை மோசமாகும். தீவனத்தில் பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குப் பிறகும் விடிவதற்கு முன்பும் போட வேண்டும். அசைபோடும் சூடு பகல் வெயிலோடு சேரக்கூடாது. தொட்டியில் தண்ணீர் எந்நேரமும் நிற்க வேண்டும். கறவை எச்.எஃப். கோடையில் நாளுக்கு 100 லிட்டரை எட்டும்.

உண்ணி எல்லாவற்றையும் மாற்றிவிடும்

சீமை ரத்தம் ஏற ஏறக் கூடும் ஆபத்து உண்ணிக் காய்ச்சல். தைலீரியா கிருமி உண்ணி கடித்துப் பரவும். நாட்டு மாடு பெரும்பாலும் வெளியே காட்டாமலே தாங்கிக்கொள்ளும். முக்கால் ரத்தக் கலப்பில் காய்ச்சல் 105, 106 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். முன்தோளுக்கு முன்னால் கையை வைத்து அழுத்தினால் நெறிகட்டி எலுமிச்சைக்கு மேல் வீங்கித் தெரியும். கண்ணின் உள்ளிமை வெளுத்துக்கொண்டே போகும். நெறி வீங்கிய முதல் இரண்டு நாளில் மருத்துவர் வந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். மாடு படுத்த பிறகு கூப்பிட்டால் கடினம். மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் அது பபீசியா, வேறு மருந்து. இரண்டுக்கும் ரத்தம் தடவிப் பார்த்து முடிவு செய்வார்கள் என்பதால், யாரோ சொன்ன ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் ஒவ்வொரு ஆண்டும் உண்ணிக்கு மாடு போகிறதென்றால், மேய்ச்சல் காட்டு நிலமென்றால், 50-க்கு மேல் சீமை ரத்தம் ஏற்றாதீர்கள். கறவைக் கணக்கு எத்தனை அழகாக இருந்தாலும் ஒரு சாவில் மூன்று ஆண்டு லாபம் போய்விடும்.

சாஹிவால், கிர்

நாட்டு மாட்டு ஆர்வம் பெருகிய பிறகு இந்த இரண்டு பெயரும் எல்லோர் வாயிலும் வருகின்றன. பஞ்சாபின் சாஹிவாலும் குஜராத்தின் கிரும் திமிலுள்ள கறவை இனங்கள். நல்ல பண்ணையில் சாஹிவால் ஓர் ஈத்துக்கு 2,000 லிட்டரையும் தாண்டும். காங்கேயம், உம்பளச்சேரி போன்ற உழவு மாடுகளுக்குச் சாஹிவால் போட்டுக் 'கறவையைக் கூட்டலாம்' என்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டும் ஒரே பக்கத்து ரத்தம். சீமைக் கலப்பில் கிடைக்கும் அளவுக்கு வீரியம் இங்கே கிடைக்காது. பால் ஓரளவு ஏறும். சொந்த இனத்தின் அச்சு அழிந்துவிடும். அந்த மாற்றம் நட்டம் என்பதே எங்கள் முடிவு.

சாஹிவாலின் உண்மையான இடம் வேறு. சீமை ரத்தம் 75, 87.5 என்று ஏறிப்போய், சினை பிடிக்காமல், வெயில் தாங்காமல் நிற்கும் கலப்பினப் பசு இருக்கிறதே, அதற்குத்தான் இந்தக் குச்சி. ஒரே தலைமுறையில் சீமைப் பங்கு 37.5-க்கும் 44-க்கும் இறங்கும், வீரியம் முக்காலோ அதற்கு மேலோ திரும்பும். பிறக்கும் கிடேரி தாயைவிடச் சில லிட்டர் குறைவாகவே கறக்கலாம். மருத்துவச் செலவும், சினை நிற்காமல் வெறும் தீவனம் தின்ற மாதங்களும் அதைவிட அதிகம் குறையும். இரு பக்க ரத்தத்தையும் ஓர் அளவில் நிறுத்தும் வழி உலகம் முழுக்க இருக்கிறது. பிரேசில் கிரையும் எச்.எஃப்.பையும் கலந்து, 5-க்கு 3 என்ற பங்கில் எச்.எஃப். மேலாக நிறுத்தி, ஜிரோலாண்டோ என்று தனி இனமாகவே 1996-இல் அங்கீகரித்தது. கேரளத்தின் சுனந்தினி, நம் ராணுவப் பண்ணைகளில் உருவான ஃபிரீஸ்வால் எல்லாம் அதே வழி.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாஹிவாலும் கிரும் கன்று முட்டினால்தான் பால் இறக்கும். கன்று செத்தால் பல மாடுகள் வற்றிவிடும். பாதி ரத்தக் கலப்பில் இது குறையும், முழுக்கப் போகாது. அடுத்தது, கிடேரி பருவத்துக்கு வரத் தாமதம். ஜெர்சிக் கலப்பு 28 முதல் 32 மாதத்தில் முதல் கன்று போட்டால், சுத்த சாஹிவாலும் கிரும் மூன்று ஆண்டைத் தாண்டும். மூன்றாவது, சீமைத் தாய்க்குத் திமிலினத் தகப்பன் என்ற முறையில் பிறக்கும் கன்று, நாட்டுத் தாய்க்குச் சீமைத் தகப்பன் என்ற முறையில் பிறப்பதைவிட எடை கூடி நிற்கும்; காளைக்கன்றில் அது இன்னும் அதிகம். நாட்டுத் தாயின் கருப்பை கன்றின் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும், சீமைத் தாய் அப்படி வைப்பதில்லை. அதனால் இந்த முறைக்கு இரண்டாவது ஈத்துக்கு மேற்பட்ட பசுவாகத் தேர்ந்தெடுங்கள்.

ஏ1, ஏ2 பால் பேச்சு இங்கே தவறாமல் வரும். பீட்டா கேசீன் புரதத்தில் 67-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறுவதுதான் வேறுபாடு. நம் மாடுகளில் ஏ2 மிகுதி, ஜெர்சியிலும் எச்.எஃப்.பிலும் இரண்டும் கலந்திருக்கும். நோயோடு முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் சொல்லிவிட்டது. கூடுதல் விலைக்கு நிரந்தரமாக வாங்க ஆள் இருந்தால் விற்கலாம். அதை நம்பி மந்தையை மாற்ற வேண்டாம்.

சுத்த நாட்டுப் பசு கையில் இருந்தால்

ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் காங்கேயம். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் உம்பளச்சேரி. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் செம்மண்ணும் வெள்ளையும் கலந்த பர்கூர். சிவகங்கை, மதுரையில் புலிக்குளம். அச்சு மாறாத பசு ஒன்று உங்களிடம் நின்றால், அதற்கு அந்த இனத்துக் காளையின் விந்துதான். பால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. ஆனால் கலப்பினக் காளைக்கன்று பிறந்தால் எப்படியாவது தள்ளிவிடப் பார்க்கிறோம். காங்கேயக் காளைக்கன்றுக்கும் புலிக்குளக் காளைக்கன்றுக்கும் ஆள் தேடி வருகிறார்கள். பாதிக் கன்றுகள் காளையாகத்தான் பிறக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. இதைவிடப் பெரியது இன்னொன்று: முதல் கலப்பின் முழு வீரியம் வேண்டும் என்றால் ஒரு பக்கம் சுத்த நாட்டுப் பசு இருந்தாக வேண்டும். அதையெல்லாம் கலந்து தீர்த்துவிட்டால் மறுபடி எங்கே போய் எடுப்பது?

அச்சு எதிலும் சேராத, இனம் சொல்ல முடியாத நாட்டுப் பசுதான் ஜெர்சி ஊசிக்கு மிகச் சரியான மாடு.

பாதிக்குப் பாதி மாட்டுக்கு

தமிழ்நாட்டில் அதிகம் நிற்பதும், முடிவெடுக்கக் கடினமானதும் இதுவே. இரண்டு வழி. கலப்பினக் காளையின் விந்து போட்டால் சராசரி 50-இல் நிற்கும். வீரியம் பாதியாகும், உடன்பிறந்த கிடேரிகளுக்குள்ளேயே ஒன்று நன்றாகவும் ஒன்று மட்டமாகவும் அமையும். அந்தக் காளையின் தாய் எத்தனை கறந்தாள் என்ற பதிவு இருந்தால் மட்டும் இதை எடுங்கள். சுத்த ஜெர்சி போட்டால் 75. நிழல், பசுந்தீவனம், பக்கத்தில் மருத்துவர் மூன்றும் இருப்பவருக்குச் சரிப்படும், அந்த மகளுக்கு அடுத்த ஊசி சாஹிவால் என்று இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே ஒன்றிரண்டு மாடு பார்ப்பவருக்கு, மேய்ச்சலை நம்புபவருக்கு, கலப்பினக் காளை விந்துதான் பாதுகாப்பு.

பெண் கன்றுக்கான விந்து இந்த எல்லா வழியிலும் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. உதகமண்டலத்திலேயே பாலினம் பிரித்த விந்து தயாரிக்கிறார்கள். பெண் கன்றைத் தரும் எக்ஸ் விந்தணுவில் மரபுப் பொருள் 4 சதவீத அளவு கூடுதல். அதை வைத்து இயந்திரம் பிரித்தெடுக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடேரி. ஆனால் சாதாரணக் குச்சியில் 2 கோடி விந்தணு என்றால் இதில் 20 லட்சம் அளவுதான், அதனால் சினைப்பிடிப்பு குறையும். ஆரோக்கியமான கிடேரிக்கும் முதல் ஈத்துப் பசுவுக்கும் போடலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று ஊசி தவறிய மாட்டுக்குப் போட்டால் காசும் பருவமும் வீண்.

அந்தக் குச்சியை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்

உறைவிந்துக் குச்சி 13 சென்டிமீட்டர் நீளம், உள்ளே கால் மில்லி. மேலே சின்ன எழுத்தில் இனம், காளை எண், தயாரித்த நிலையம், தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். கன்றின் ஜாதகம் அதுதான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 வினாடி வைக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்ப்பது, சட்டைப் பையில் போட்டு இளக்குவது எல்லாம் விந்தணுவைக் கொல்லும். எடுத்த குச்சியைத் துடைத்து ஈரம் போக்கிய பிறகே நறுக்க வேண்டும்; ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் கேடு. குடுவையின் வாய்க்கு மேலே குச்சிகளைத் தூக்கி வைத்துக்கொண்டு தேடுவதையும் கவனியுங்கள். அந்தச் சில வினாடியில் மற்றவர்களுக்குரிய குச்சிகளும் கெடும். ஊசி போடுகிறவரிடம் மரியாதையாக, "அண்ணே, சுடுதண்ணி எங்க வீட்லயே வச்சுத் தர்றேன்" என்று வெப்பமானியோடு ஒரு சொம்பை நீட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. நாட்டு மாட்டுக்கும் நாட்டு ரத்தம் மிகுந்த கலப்புக்கும் பருவ நேரம் குறைவு, கத்தாமலே வந்து போவதும் உண்டு. அங்கே தாமதிக்காதீர்கள். வழும்பில் ரத்தக் கீற்று தெரிந்தால் பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டது. அன்று ஊசி போட்டுப் பயனில்லை, 18-ஆம் நாளிலிருந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊசி முடிந்ததும் அந்தக் காலிக் குச்சியைத் தூக்கிப் போட விடாமல் வாங்கி வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, மாட்டின் காதிலுள்ள 12 இலக்க எண், காளை எண், கன்றுக்கு வரும் சீமைப் பங்கு, நான்கையும் எழுதிக் குச்சியை அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து மகளுக்கு ஊசி போடும் நாளில், அவளுடைய தகப்பனின் விந்தையே அவளுக்குப் போடாமல் தடுப்பது இந்தப் பக்கம்தான்.

ஜனவரி 10-இல் ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். ஜனவரி 31-ஐ ஒட்டி மறுபடி கத்துகிறதா என்று பாருங்கள். மார்ச் 11-க்கும் ஏப்ரல் 10-க்கும் இடையில் சினைப் பரிசோதனை. ஆகஸ்ட் 18-இல் பாலை வற்றடிக்க வேண்டும். 280 நாள் கணக்கில் அக்டோபர் 17-இல் ஈனும். நாட்டு ரத்தம் கூடுதலாக இருந்தால் ஐந்து நாள் தள்ளிப் போகலாம். வடகிழக்குப் பருவமழை இறங்கும் சமயம் அது. ஆகஸ்டில் பாலை நிறுத்தும்போதே கொட்டகைத் தரையை மேடாக்கிச் சரிவு எடுத்துவிட்டால், மடி ஈரத்தில் படாமல் மாடு படுக்கும்.